அமிகாசின் ஊசி: மாத்திரைக்கு அடங்காத கிருமித்தொற்றில் நோயாளிகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

சிறுநீர்த் தொற்றுக்குக் கல்ச்சர் (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனை) கொடுத்து, இரண்டு மூன்று நாள் காத்திருந்து ரிப்போர்ட் வாங்குகிறீர்கள். மாத்திரையாகக் கிடைக்கும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் நேரே ‘ஆர்’. கீழே அமிகாசினுக்கு நேரே மட்டும் ‘எஸ்’. மருத்துவர் அந்த ஊசியை எழுதுகிறார். வீட்டுக்கு வந்தால் யாராவது ஒருவர், “அந்த ஊசி கிட்னியைக் கெடுத்துவிடுமே, காது போய்விடுமே” என்கிறார். அதற்குப் பிறகு எழும் கேள்விகளுக்கான பக்கம் இது. மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் பார்வையில் எழுதியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமிகாசின் சேர்ந்திருக்கும் அமினோகிளைகோசைடு வகை மருந்துகள் பழையவை, விலை குறைந்தவை, இன்றும் உயிர் காப்பவை. எடைக்குத் தக்க அளவில், குறைந்த நாட்களுக்கு, சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டே கொடுத்தால் பெரும்பாலோருக்குப் பிரச்சினையின்றி முடிந்துவிடும். கெட்ட பெயர் வருவது பெரும்பாலும் நாட்கணக்கை நீட்டுவதாலும், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்காமல் விடுவதாலும்தான். உங்கள் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்று முடிவெடுக்க வேண்டியவர் உங்களைப் பரிசோதித்த மருத்துவர். அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க இது உதவினால் போதும்.

ரிப்போர்ட்டில் உள்ள ‘எஸ்’, ‘ஐ’, ‘ஆர்’ என்பவை என்ன?

‘எஸ்’ என்றால் வழக்கமான அளவு மருந்துக்கே அந்தக் கிருமி அடங்கும். ‘ஆர்’ என்றால் அடங்காது. ‘ஐ’ இரண்டுக்கும் நடுவில்: அளவைக் கூட்டினாலோ, சிறுநீர் போல மருந்து அதிகமாகச் சேரும் இடமாக இருந்தாலோ பலன் கிடைக்கலாம்.

பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அதுதான் எம்ஐசி. கிருமி வளராமல் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு. ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடக்கூடாது. அமிகாசினுக்கு 4, மெரோபெனெமுக்கு 0.25 என்று இருப்பதைப் பார்த்து, சிறிய எண் உள்ளதுதான் வலுவான மருந்து என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் வரம்பு வேறு.

அந்த வரம்புகளும் மாறுபவை. லேபுகள் பின்பற்றும் சிஎல்எஸ்ஐ என்ற அமெரிக்க அமைப்பின் அளவுகோலில், ஈ.கோலி, கிளெப்சியெல்லா முதலிய குடல் கிருமிகளுக்கு அமிகாசின் 16 வரை ‘எஸ்’ என்று முன்பு இருந்தது. 2023-இல் அதை 4 ஆகக் குறைத்தார்கள். முன்பு ‘எஸ்’ என்று வந்திருக்கக்கூடிய 8 என்ற எண் இப்போது ‘ஐ’. சூடோமோனாஸ் கிருமிக்கு ஜென்டாமைசின் வரம்பையே நீக்கிவிட்டார்கள். அமிகாசினைச் சிறுநீர்த் தொற்றுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் லேப் எந்த ஆண்டின் அளவுகோலைப் பயன்படுத்துகிறது என்று மருத்துவர் வழியாகக் கேட்பது நியாயமான கேள்வி.

‘இஎஸ்பிஎல் ஈ.கோலி’ என்று எழுதியிருக்கிறது. அதனால்தான் இந்த ஊசியா?

பெரும்பாலும் ஆம். இஎஸ்பிஎல் என்பது பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கும் நொதி. செஃபிக்சிம் மாத்திரையிலிருந்து செஃப்ட்ரியாக்சோன் ஊசி வரை அதன் முன் நிற்பதில்லை. அந்த நொதிக்கான மரபணு இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்திலேயே வேறு பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் சேர்ந்து பயணிப்பதால், சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் போன்றவையும் பல நேரம் பலிப்பதில்லை. ஜென்டாமைசினும் சில நேரம் பலிக்காமல் போவதுண்டு. ஆனால் அமிகாசின் பல சமயங்களில் தப்பி நிற்கிறது.

அமிகாசின் மட்டும் ஏன் தப்பி நிற்கிறது?

இதற்கு விடை இந்த மருந்துக் குடும்பத்தின் கதையில் இருக்கிறது. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்கு எதிராக வேலை செய்த முதல் ஆன்டிபயாடிக் அது. வாக்ஸ்மனுக்கு 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஷாட்ஸுக்கு அதில் பங்கு தரப்படவில்லை. அடுத்து நியோமைசின் வந்தது. 1957-இல் ஜப்பானில் ஹமாவோ உமேசாவாவின் குழு கனமைசினைக் கண்டறிந்தது. 1960-களில் ஜென்டாமைசினும் டோப்ராமைசினும் வந்தன.

கனமைசின் பரவலான சில ஆண்டுகளிலேயே கிருமிகள் அதற்கு மாற்று கண்டுபிடித்துவிட்டன. மருந்து மூலக்கூறின் குறிப்பிட்ட இடங்களில் சிறு வேதித் துண்டுகளை ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளை அவை தயாரித்தன. 1972-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கனமைசினோடு ஒரு பக்கச் சங்கிலியை இணைத்தார்கள். அந்தச் சங்கிலி நடுவில் நிற்பதால், கிருமியின் நொதிகளில் பலவற்றுக்கு மருந்தைப் பிடிக்க இடம் கிடைப்பதில்லை. அப்படிப் பிறந்ததுதான் அமிகாசின். ஜென்டாமைசினுக்கு ‘ஆர்’ என்றும் அமிகாசினுக்கு ‘எஸ்’ என்றும் ஒரே ரிப்போர்ட்டில் வருவதற்குக் காரணம் இந்தச் சங்கிலி.

கிருமியை எப்படிக் கொல்கிறது?

பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் சிறிய பகுதியில், மரபுச் செய்தி சரியாகப் படிக்கப்படுகிறதா என்று சரிபார்க்கும் இடத்தில் மருந்து போய் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் செய்தி தப்பாகப் படிக்கப்படுகிறது. தறியில் இழை மாறி ஓடினால் சேலையில் கோலம் கெடுவதுபோல, புரதங்கள் கோணலாக உருவாகின்றன. அந்தக் கோணல் புரதங்கள் கிருமியின் உறையில் போய் உட்கார்ந்ததும் உறை ஒழுகுகிறது, இன்னும் அதிக மருந்து உள்ளே நுழைகிறது, கிருமி சாகிறது.

மருந்து உள்ளே நுழைய ஆக்சிஜன் வேண்டும். ஆகவே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளை இது தொடுவதே இல்லை. சீழ்க்கட்டிக்குள் ஆக்சிஜனும் குறைவு, அமிலத்தன்மையும் அதிகம். அங்கேயும் மருந்து மந்தமாகிவிடும். கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றாமல் ஊசியை மட்டும் தொடர்வதில் பலன் குறைவு.

மாத்திரையாகக் கிடைக்காதா?

குடல் இதை உறிஞ்சுவதில்லை. விழுங்கினால் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். அதனால் நரம்பிலோ தசையிலோ ஊசியாகத்தான் போட வேண்டும்.

நாளுக்கு ஒரே ஊசி போதுமா? அப்பாவுக்கு முன்பு இரண்டு வேளை போட்டார்களே?

போதும். பெரும்பாலோருக்கு அதுவே நல்லது.

இந்த மருந்து கிருமியைக் கொல்லும் வேகம் இரத்தத்தில் அதன் உச்ச அளவைப் பொறுத்தது. எம்ஐசியைப் போல 8 முதல் 10 மடங்கு உச்சம் கிடைத்தால் கிருமி வேகமாக அழியும். மருந்தளவு இறங்கிய பிறகும் தப்பிய கிருமிகள் சில மணி நேரம் தலைதூக்காமல் கிடக்கும். இரண்டாகப் பிரித்துப் போட்டால் இரண்டு சின்ன உச்சங்கள்தான் கிடைக்கின்றன.

சிறுநீரகத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரு வேளைதான் மேல். சிறுநீரகக் குழாய்ச் செல்கள் இந்த மருந்தை உள்ளிழுத்துச் சேமிக்கின்றன, ஆனால் ஒரு நேரத்தில் ஓர் அளவுக்கு மேல் இழுக்க முடியாது. உச்சம் எவ்வளவு உயர்ந்தாலும் உள்ளே போவது அதே அளவுதான். மீதி நேரம் இரத்தத்தில் மருந்து கிட்டத்தட்ட இல்லாமல் இருந்தால் அந்தச் செல்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. வேளை கூடினால் ஓய்வு குறைகிறது. இதய வால்வுத் தொற்று போன்ற சில நிலைகளில் மட்டும் ஜென்டாமைசினை வேறு மாதிரிப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

எவ்வளவு மருந்து? எல்லோருக்கும் 500 மில்லிகிராம்தானா?

என்னை மிகவும் உறுத்தும் பழக்கம் இது. நம் ஊரில் அமிகாசின் 100, 250, 500 மில்லிகிராம் குப்பிகளில் வருகிறது. குப்பி 500 என்பதற்காக எடை பார்க்காமல் அதையே எழுதிவிடுவது எல்லா ஊர்களிலும் உண்டு. கணக்கு எடையை வைத்துத்தான்: வழக்கமாக ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம், தீவிர நிலையில் 20 வரையும் அதற்கு மேலும் மருத்துவமனையில் கொடுப்பதுண்டு. 50 கிலோ உள்ளவருக்கு 750; 70 கிலோ உள்ளவருக்கு ஆயிரத்துக்குச் சற்று மேல். அவருக்கு 500 மட்டும் போட்டால் கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும். 35 கிலோ உள்ள மெலிந்த பாட்டிக்கு 500 கிட்டத்தட்டச் சரியான அளவு. ஆனால் அதை அவருக்கே இரண்டு வேளை போட்டால் அதிகம். மிகவும் பருமனானவர்களுக்கு முழு எடையை எடுக்காமல் திருத்திய எடையை எடுப்பார்கள்.

ஊசி போடும் முன் எடை பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

கிட்னி நிஜமாகவே கெட்டுவிடுமா?

பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் திரும்பிவிடும். இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்து உடலில் உடைவதில்லை. அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகிக்கொண்டே வரும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து தங்கும். தங்கினால் சிறுநீரகம் மேலும் தளரும். பாதிப்பு பொதுவாக 5 முதல் 7 நாட்களுக்குப் பிறகே தென்படும். அதனால்தான் நாட்கணக்கு இவ்வளவு முக்கியம்.

“சிறுநீர் நன்றாகத்தான் போகிறது, அதனால் கிட்னி நன்றாக இருக்கிறது” என்று வீட்டில் சொல்வார்கள். இந்த மருந்தால் வரும் பாதிப்பில் சிறுநீர் அளவு பல நேரம் குறைவதே இல்லை. இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால்தான் தெரியும். தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

வயதானவர்களிடம் கிரியாட்டினின் எண்ணே ஏமாற்றும். 75 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணிக்குக் கிரியாட்டினின் 1.0 என்று வந்தால் ரிப்போர்ட்டில் அது ‘நார்மல்’. வயதும் எடையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவருடைய சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 35 மில்லிலிட்டர்தான் வடிகட்டுகிறது. தசை குறைந்தவர்களுக்குக் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால் எண் சின்னதாகத் தெரிகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை 36 மணி, 48 மணி என்று நீட்டுவார்கள், அல்லது வேறு மருந்துக்கு மாறுவார்கள்.

உடலில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி, பேதி இருந்தால் ஊசி போடும் முன் சொல்லிவிடுங்கள்.

காது விஷயம்?

இதை நான் கிட்னியைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியதாகக் கருதுகிறேன். காரணம், சிறுநீரகக் குழாய்ச் செல்கள் மீண்டும் வளரும். உட்காதின் மயிர்ச்செல்கள் வளராது. போனது போனதுதான்.

அமிகாசின், கனமைசின், நியோமைசின் ஆகியவை கேட்கும் பகுதியை அதிகமாகத் தாக்குகின்றன. ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சமநிலைப் பகுதியை அதிகமாகத் தாக்குகின்றன. கேட்கும் திறன் போகும்போது முதலில் போவது உச்ச சுருதி ஒலிகள். சாதாரணப் பேச்சு அப்போதும் நன்றாகவே கேட்கும். அதனால் நோயாளிக்கே தெரியாமல் தொடங்குகிறது. காதில் இரைச்சல், அடைப்பு, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வது, கூட்டத்தில் பேச்சு புரியாமல் போவது ஆகியவை பின்னால் வரும். உட்காதில் மருந்து நெடுநாள் தங்குவதால், ஊசி நின்ற சில வாரங்களுக்குப் பிறகும் பாதிப்பு கூடலாம்.

சமநிலைப் பாதிப்பு வேறு மாதிரி. படுக்கையில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எழுந்து நடக்கும்போது தள்ளாடும், இருட்டில் இன்னும் மோசமாகும். நடந்துகொண்டே கடைப் பலகையைப் படித்தால் எழுத்துகள் குதிக்கும். “படுத்துக்கிடந்த பலவீனம்” என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்காதீர்கள்.

ஐந்து நாள் சிகிச்சைக்கு எல்லோருக்கும் காதுப் பரிசோதனை தேவைப்படாது. வாரக்கணக்கில் போகும் என்றால் தொடங்கும் முன் ஒரு ஆடியோகிராம் எடுத்து, இடையிடையே திரும்ப எடுக்க வேண்டும்.

அம்மா வழியில் இரண்டு பேருக்கு ஊசி போட்ட பிறகு காது கேட்காமல் போனது. எனக்கும் ஆகுமா?

இதை ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மிக முக்கியமான தகவல் இது.

நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியே ரைபோசோம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவில் 1555 என்ற இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால், அந்த ரைபோசோம் பாக்டீரியாவின் ரைபோசோமைப் போன்ற வடிவம் பெறுகிறது. கிருமிக்கு என்று போன மருந்து அங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு, அளவு சரியாக இருந்தாலும், ஓரிரு ஊசியிலேயே கேட்கும் திறன் போகலாம். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவதால் அம்மா, அம்மாவைப் பெற்ற பாட்டி, தாய்மாமன், அம்மாவின் அக்கா தங்கைகள், அந்த அக்கா தங்கைகளின் பிள்ளைகள் ஆகியோரைத்தான் விசாரிக்க வேண்டும். அப்பா வழியில் இது வராது.

ஐரோப்பிய மக்களில் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஜனவரியில் இதுபற்றி மருத்துவர்களை எச்சரித்தது. மான்செஸ்டரில், பச்சைக் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்து அரை மணி நேரத்துக்குள் இதைச் சொல்லும் கருவியை உருவாக்கி, பிறந்த குழந்தைகள் வார்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அத்தகைய வசதி கையில் இல்லாத இடத்தில் குடும்ப வரலாறுதான் நம்மிடம் உள்ள பரிசோதனை.

வேறு எதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்?

மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மருந்து நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சைகையைக் குறைத்து மூச்சுத்தசைகளையே தளர்த்திவிடக்கூடும். கர்ப்பமாக இருந்தால் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் போட்டவர்களின் குழந்தைகள் சிலருக்குக் காது கேளாமை ஏற்பட்டது பதிவாகியிருக்கிறது.

சாப்பிடும் மருந்துகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். லேசிக்ஸ் போன்ற நீர் மாத்திரைகள், வான்கோமைசின், கோலிஸ்டின், ஆம்ஃபோடெரிசின், சிஸ்பிளாட்டின் ஆகியவற்றோடு சேர்ந்தால் காதுக்கோ கிட்னிக்கோ இரட்டைச் சுமை. ஸ்கேனுக்காக நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தும் அப்படியே. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் பற்றி யாரும் சொல்வதில்லை. அதையும் சொல்லுங்கள், ஊசி போடும் நாட்களில் நிறுத்தச் சொல்வார்கள்.

எந்தெந்தத் தொற்றுக்கு நல்லது, எதற்குத் தனியாகப் போதாது?

சிறுநீர்த் தொற்றில் இதற்கு நிகர் குறைவு. உடலிலிருந்து வெளியேறும் வழியே சிறுநீர் என்பதால் அங்கே இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவு கிடைக்கிறது. சிறுநீர்ப்பை அளவில் நிற்கும் சாதாரணத் தொற்றுக்கு ஒரே ஒரு ஊசியே போதுமான சந்தர்ப்பங்கள் உண்டு. சிறுநீரகம் வரை ஏறிக் காய்ச்சல், குளிர், விலாவலி இருந்தால் வழக்கமாக 5 முதல் 7 நாள்.

நுரையீரலில் மருந்து போதிய அளவு சேராது. நிமோனியாவுக்கு இதை மட்டும் நம்பக்கூடாது. மூளைக்காய்ச்சலில் மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் சரியாகப் போகாது. கல், ஸ்டென்ட், நெடுநாள் வைத்திருக்கும் சிறுநீர்க் குழாய் (கத்தீட்டர்) ஆகியவற்றில் கிருமி படலமாக ஒட்டியிருந்தால், அதை அகற்றும்வரை தொற்று திரும்பத் திரும்ப வரும்.

டைபாய்டு கல்ச்சரில் அமிகாசின் ‘எஸ்’ என்று வந்திருக்கிறது. அதைப் போடலாமா?

கூடாது. டைபாய்டு கிருமி நம் செல்களுக்குள் ஒளிந்து வாழ்கிறது. இந்த மருந்து அங்கே எட்டாது. லேப் தட்டில் வேலை செய்யும், நோயாளியிடம் செய்யாது. சால்மோனெல்லா, ஷிகெல்லா இரண்டுக்கும் இந்த வகை மருந்துகளை ‘எஸ்’ என்று ரிப்போர்ட்டில் தரவே கூடாது என்பது அளவுகோலிலேயே உள்ள விதி.

மெரோபெனெம் இருக்கும்போது ஏன் அமிகாசின்?

இரத்த அழுத்தம் இறங்கி, ஐசியூவில் இருக்கும் நோயாளிக்கு மெரோபெனெம் போன்ற கார்பபெனெம் மருந்துதான் முதுகெலும்பு. அங்கே அமிகாசினை முதல் ஓரிரு நாட்களுக்குத் துணையாகச் சேர்ப்பார்கள். கல்ச்சர் வந்து ஒரு மருந்தே போதும் என்று தெரிந்ததும் துணையை நிறுத்துவதுதான் முறை. நிறுத்த மறந்து பத்து நாள் ஓடுவதுதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது.

நடந்து வரும், வாந்தி இல்லாத, சிறுநீர்த் தொற்று மட்டும் உள்ள நோயாளி வேறு. அவருக்கு மெரோபெனெம் என்றால் வழக்கமாக நாளுக்கு மூன்று வேளை ஊசி, பெரும்பாலும் அட்மிஷன். அமிகாசின் என்றால் காலையில் டே கேரில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். செலவும் குறைவு. கார்பபெனெம் மருந்துகளை நாம் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு காலம் அவை வேலை செய்யும். உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளைப் பிரித்திருக்கும் பட்டியலில் அமிகாசினும் ஜென்டாமைசினும் முதலில் கையாள வேண்டிய பிரிவிலும், மெரோபெனெம் எச்சரிக்கையோடு கையாள வேண்டிய பிரிவிலும் இருக்கின்றன.

இந்த ஊசிக்கும் கிருமி எதிர்ப்பு பெறுமா?

பெறும், பெற்றிருக்கிறது. மருந்தை முடக்கும் நொதிகளில் ஒரு வகை அமிகாசினையும் பிடித்துவிடுகிறது. அதைவிட மோசமான வழி, ரைபோசோமில் மருந்து ஒட்டும் இடத்தையே ஒரு சிறு வேதிக்குழுவால் மூடிவிடுவது. அப்படி மூடினால் அமிகாசின், ஜென்டாமைசின், டோப்ராமைசின் மூன்றும் ஒரே அடியில் போய்விடும்.

சென்னைக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. கார்பபெனெமை உடைக்கும் என்டிஎம்-1 நொதி பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து 44 கிருமி மாதிரிகள் இருந்தன. என்டிஎம் மரபணு உள்ள கிருமிகளில், ரைபோசோமை மூடும் மரபணுவும் கூடவே வருவது அடிக்கடி காணப்படுகிறது. கார்பபெனெம் பலிக்காத நோயாளியிடம் அமிகாசினும் பல நேரம் கைவிடுவது இதனால்தான். 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள், ஆன்டிபயாடிக் எதிர்ப்பை இந்தியாவில் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று ‘சென்னைப் பிரகடனம்’ என்ற பெயரில் ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டன.

புதிதாக ஏதும் வரவில்லையா?

பிளாசோமைசின் என்ற மருந்துக்குச் சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்காக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்தை முடக்கும் நொதிகள் பெரும்பாலானவற்றை அது தாங்கும். ஆனால் ரைபோசோமை மூடிவிடும் கிருமிகளிடம் அதுவும் தோற்கும். நம் நாட்டுச் சிக்கலோ அதுதான். அதை உருவாக்கிய அக்கேயோஜென் நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலானது. நல்ல ஆன்டிபயாடிக் தயாரித்தும் பிழைக்க முடியவில்லை என்பது எனக்குப் பெரிய கவலை தரும் செய்தி.

காசநோய்க்கு ஊசி போட்டவர்களை எனக்குத் தெரியும். இப்போதும் அப்படியா?

பெரும்பாலும் இல்லை. 1940-களின் பிற்பகுதியில் பிரிட்டனில் நடந்த ஆய்வில் 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள். போடாதவர்களில் 14 பேர். ஆனால் ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்ததால் ஊசி போட்ட பலரிடம் கிருமி எதிர்ப்பு பெற்றுவிட்டது. காசநோய்க்குக் கூட்டு மருந்து என்ற வழி அதிலிருந்து பிறந்தது.

பல மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கனமைசின் ஊசியை மாதக்கணக்கில் போட்ட காலம் ஒன்று இருந்தது. நோய் குணமாகிக் காது போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கனமைசினும் கேப்ரியோமைசினும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்தது. இப்போது பெடாகுயிலின், பிரெடோமானிட், லினெசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என்று நான்கும் மாத்திரைகளாகவே உள்ள ஆறு மாதச் சிகிச்சை இருக்கிறது. இந்திய அரசு 2024 செப்டம்பரில் அதற்கு ஒப்புதல் தந்தது. அமிகாசின், வேறு வழி குறைந்த நிலையில், 18 வயதைத் தாண்டியவர்களுக்கு, காதுப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்கும் மருந்தாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பிறந்த குழந்தைக்குப் போடச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது. பச்சைக் குழந்தையின் இரத்தத்தில் கிருமி கலந்தால் மணிக்கணக்கில் உயிர் போகும். அந்த ஆபத்து இந்த மருந்தின் ஆபத்தைவிட மிகப் பெரியது. ஆம்பிசிலினோடு ஜென்டாமைசின் கொடுப்பது உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கும் முதல் சிகிச்சை. இங்கே பல மருத்துவமனைகளில் அமிகாசினைக் கொடுக்கிறார்கள். குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முதிராததால் எடையோடு எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதையும் பார்த்து 24, 36 அல்லது 48 மணிக்கு ஒருமுறை கொடுப்பார்கள். வீட்டுக்கு வரும் முன் செவித்திறன் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கு ‘பெரா’ (ஒலிக்குக் கேட்கும் நரம்பு காட்டும் சைகையை அளப்பது) பரிசோதனை தேவை.

ஒரு நாள் ஊசி தவறிவிட்டது. மறுநாள் இரண்டாகப் போடலாமா?

வேண்டாம். மருத்துவமனைக்குப் போன் செய்து, எப்போது போட வேண்டும் என்று கேளுங்கள். கூடியவரை தினமும் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நரம்பில் போடும்போது அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் மெதுவாக இறங்க வேண்டும். வேறு ஆன்டிபயாடிக் ஊசியோடு ஒரே சிரிஞ்சிலோ ஒரே பாட்டிலிலோ கலக்கக் கூடாது. பெனிசிலின் வகை மருந்துகள் இதைச் செயலிழக்கச் செய்யும். மருந்துச்சீட்டில் எழுதிய நாட்களுக்கு மேல், “இன்னும் ரெண்டு நாள் போட்டுக்கலாம்” என்று பக்கத்து ஊசிக்காரரிடம் போட்டுக்கொள்வது மிக ஆபத்து.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

காதில் இரைச்சல் அல்லது அடைப்பு, தலைசுற்றல், தள்ளாட்டம், வாயைச் சுற்றி மரத்துப்போதல், தசைத் தளர்ச்சி, மூச்சுவிடச் சிரமம், சிறுநீர் குறைதல், உடலில் தடிப்பு. இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசிக்குக் காத்திருக்காமல் போங்கள். ஊசி தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் கட்டியோ, கல்லோ, அடைப்போ இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள்.

ஊசி முடிந்தது. திரும்பக் கல்ச்சர் எடுக்க வேண்டுமா?

எரிச்சலும் காய்ச்சலும் போய்விட்டால் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கு எடுப்பார்கள். மற்றவர்கள் தேவையில்லாமல் எடுத்தால், சிறுநீரில் சும்மா தங்கியிருக்கும் கிருமி ரிப்போர்ட்டில் தெரியும். அதைப் பார்த்து இன்னொரு சுற்று ஊசி தொடங்கும். வயதானவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் தொந்தரவே தராத கிருமி சிறுநீரில் இருப்பது சகஜம். தொந்தரவு இல்லை என்றால், கர்ப்பமாக இருப்பவர்களையும் சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சை செய்யவிருப்பவர்களையும் தவிர மற்றவர்களுக்கு அதற்கு மருந்து வேண்டாம். எடுக்க வேண்டிய பரிசோதனை கிரியாட்டினின்; கடைசி ஊசி முடிந்து ஒரு வாரம் கழித்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.